ஆட்டுத்தோல் சட்டையும் நான் வென்ற வழக்கும்

அந்த ஆட்டுத்தோல் சட்டையைக் கெடுத்தவன் நான். என் அண்ணி அல்லர். நானே!

கெடுத்ததோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கெடுத்தது தாமே என்று அண்ணி தம் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் வரை வாதாடி வென்றேன். முதலாவது மடமை. இரண்டாவது... அதற்கு ஒரு பெயர் தேடித்தான் இத்தனை நாளாக அலைகிறேன்.

"அவையோரே!" என்று தொடங்கவே கை துடிக்கிறது. வேண்டாம். இங்கே அவை இல்லை. மணியடித்து நேரம் காட்டத் தலைவர் இல்லை. கைதட்ட எவரும் இல்லை. படிக்கின்ற நீங்கள் ஒருவர், எழுதுகின்ற நான் ஒருவன். எனக்கு இது பழக்கமில்லாத மேடை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செமிலிங்கிற்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். பெற்றோர் மறைந்தபின் அண்ணன் முத்தையாவும் அண்ணி பவுனம்மாளும் என்னை வளர்த்தார்கள். அண்ணனுக்குப் புகைவீட்டில் வேலை. தகடாக அழுத்திய ஈர ரப்பரை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, சூட்டிலும் புகையிலும் உலர்த்துகிற கூடம் அது. அண்ணி தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் துணி துவைத்தார். இருவரும் வயிற்றைக் கட்டி என்னைச் சுங்கைப் பட்டாணிக்குப் படிக்க அனுப்பினார்கள்.

அங்கே ஒரு சொற்போர் மன்றம் இருந்தது. இன்று "கல்வியே பெரிது" என்று பேசுவேன். அடுத்த வாரம் "செல்வமே பெரிது" என்று பேசுவேன். இரண்டு முறையும் நானே வெல்வேன்! தடையை எழுப்பு, விடையால் உடை, துணிபை நாட்டு. அதுவே எங்களுக்குக் கற்பித்த முறை. உண்மை எந்தப் பக்கம் என்று எவரும் எங்களைக் கேட்டதில்லை.

அண்ணி மட்டும் மயங்கவில்லை. "வக்கீலு, வாதாடுனது போதும். வாளிய எடுத்துக்கிட்டுக் கொழாயடிக்கு வா" என்பார். அவருக்கு எதிலும் ஐயம் கிடையாது. உப்பைக் கண்ணளவில் போடுவார், பிசகாது. மேகத்தைப் பார்த்துத் துணியை எடுப்பார், மழை பின்னால் வரும்.

அந்த அண்ணியிடம்தான் சட்டை வந்து சேர்ந்தது.

போர் மூள்வதற்குச் சற்று முன்பு, பட்டணத்து விமானத் திடலிலிருந்து ஒரு வெள்ளைக்கார விமானி துரைக்கு விருந்தாளியாக வந்திருந்தான். போகும்போது தன் மேற்சட்டையைச் சுத்தம் செய்யும்படி அண்ணியிடம் கொடுத்தான். வெளியே பழுப்புத் தோல்; உள்ளே அடர்ந்த ஆட்டு ரோமம். தண்ணீர்க் குழாயைச் சுட்டிக்காட்டி, இரு கைகளையும் குறுக்கே வீசி, "நோ, நோ" என்றானாம். அவ்வளவுதான் அவன் சொல்லிக்கொடுத்தது. பிறகு அவன் வரவில்லை; குண்டுகள் வந்தன. துரை தெற்கே ஓடினார். ஜப்பான்காரர்கள் வந்தார்கள். சட்டை எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

தண்ணீர் படாமல் ஒரு சட்டையை எப்படிச் சுத்தம் செய்வது? பள்ளி மூடி, மன்றம் மூடி, நான் தோட்டத்திற்கே திரும்பிவிட்ட காலம். அண்ணியும் நானும் தட்டித்தடவி ஒரு வழி கண்டோம். முதலில் அரிசிமாவு. ரோமத்தில் தூவி விரலால் அளைந்து, மாவு அழுக்கைக் குடித்தபின் உதறி, நார்த் தூரிகையால் சீவ வேண்டும். அரிசி மறைந்துபோன பிறகு மரவள்ளி மாவு. தோலுக்குத் துணியில் தொட்ட தேங்காயெண்ணெய், மிகச் சிறிது. எங்கள் ஊர் ஈரத்தில் மூடிவைத்த செருப்பும் பூசணம் பூக்கும். ஆகவே வெள்ளிதோறும் அண்ணி அதை நிழலில் காற்றாட விடுவார். பிறகு அண்ணனின் பழைய வேட்டியில் தளரச் சுற்றி, வசம்பும் கிராம்பும் இட்டு, மரப்பெட்டியில் வைத்து, பெட்டியின்மேல் விறகை அடுக்குவார். வெள்ளைக்காரன் பொருளை ஒளித்துவைத்தவர்களுக்கு அந்நாளில் ஜப்பான்காரர்கள் கையில் என்ன நேர்ந்தது என்பதை நீங்களும் அறிவீர்கள்.

"கொழந்தைக்குத் தல சீவுற மாதிரி சீவுறீங்களே, அண்ணி!" என்று ஒருமுறை சிரித்தேன்.

"இது எதுத்துப் பேசாத புள்ள தம்பி. உனக்குப் பதிலா இதையே வளத்திருக்கலாம்" என்றார்.

மருந்துக் கடைகளில் கொயினா இல்லாமல் போனபோதுதான் அந்தச் சட்டையின் அருமை தெரிந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், வீட்டுக்கு வீடு மலேரியாக் குளிர். கோணிச் சாக்கை உடுத்தியிருந்த சனங்களுக்குப் போர்த்திக்கொள்ள என்ன இருந்தது? அடுத்த வீட்டு அஞ்சலையக்கா குளிரில் பற்கள் கிட்டிக் கிடந்த நாளில், அண்ணி விறகை நகர்த்திச் சட்டையை எடுத்துப் போய் அவருக்கு மாட்டிவிட்டார். நிலவேம்புக் கஷாயத்தையும் புகட்டினார். குளிர் விட்டதும் அஞ்சலையக்கா கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "அடியே பவுனு, வெள்ளக்காரன் ஓடுனாலும் அவன் ஆடு நல்ல ஆடுலா!"

அன்று முதல் அதற்குக் குளிர்ச்சட்டை என்று பெயர். லயம் முழுவதும் அறிந்த இரகசியம். ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை. எவர் நடுங்கினாலும் அது போகும். வியர்வையோடு திரும்பி வரும். அண்ணி மாவு தூவுவார், சீவுவார், காற்றாட விடுவார், மடித்து வைப்பார்.

பிறகு ஜப்பான்காரர்கள் அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போதே பெயர் சொல்லிப் பிரித்து, லாரியில் ஏற்றி... இரயில் பாதை போட. புகைவீட்டில் அவருடைய வேலை எனக்கு வந்தது.

அண்ணி ஒரு நாளும் என் முன்னால் அழவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சட்டையைச் சீவிக்கொண்டே சொன்னார்: "சயாமிலேர்ந்து திரும்புறவுங்க எல்லாம் நடுங்கிக்கிட்டேதான் வர்றாங்களாம் தம்பி. உங்கண்ணன் வந்தா இதுக்குள்ளாறதான் சுத்தி வைக்கணும். அதுவரைக்கும் இது கெடாம இருக்கணும்."

அண்ணன் வருவாரா என்று அவர் கேட்கவில்லை. சட்டை கெடாமலிருந்தால் அவர் வருவார் என்று தமக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

இத்தனையும் தெரிந்தவன் நான்! தெரிந்தே...

பக்கத்து ஊரான பீடோங்கில் ஒரு கூட்டம். பேச என்னை அழைத்திருந்தார்கள். நெடுநாளுக்குப் பின் கிடைத்த மேடை. தலைப்பு என்ன தெரியுமா? தன்னலம் துறத்தல்! ஒத்திகை பார்க்க இடம் வேண்டும். ரப்பர்ப் பால்மரக் காட்டைவிடச் சிறந்த அவை உண்டா? வரிசை பிசகாமல் நிற்கும், இருமாது, எழுந்து போகாது. ஆனால் கோணித் துணியில் தைத்த சட்டையோடு முழங்கினால் எனக்கே என் சொல் எடுபடவில்லை. குளிர்ச்சட்டையின் தோள்கள் அகன்றவை. அதன் கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டால், நாட்டையே நடத்துகிறவன்போல் ஒரு நிமிர்வு...

ஆம். அண்ணி கிழங்குக் கொல்லைக்குப் போன நேரத்தில் எடுத்தேன். காட்டின் நடுவே நின்று மரங்களை நோக்கித் தன்னலத்தைத் துறக்கச் சொன்னேன்! எதிரே ஜெராய் மலை தலையில் மேகத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அண்ணியாயிருந்தால் அப்போதே திரும்பியிருப்பார். எனக்கு முடிவுரை பாக்கியிருந்தது.

மழை என்னை முடிவுரையின் நடுவில் பிடித்தது. ஒதுங்க இடமில்லை. ரோமம் நீரைக் குடித்துக் குடித்து, சட்டை ஒரு கன்றுக்குட்டியின் கனம் கனத்தது.

இப்போது கேளுங்கள். ஈரமான ஒன்றை என்ன செய்வது? உங்களிடம் கேட்டால் ஏதேதோ சொல்வீர்கள். தோட்டத்தில் பிறந்து, புகைவீட்டுக்காரனுக்குத் தம்பியாய் வளர்ந்து, இப்போது புகைவீட்டிலேயே வேலை செய்கிறவனிடம் கேட்டால் ஒரே விடைதான். அந்தக் காலத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுவது குறைந்து, அடுப்பு என்றாவதுதான் எரியும். அன்று எரிந்தது. அதைக்கூட நல்வாய்ப்பு என்றே நினைத்தேன்! ரப்பர்த் தகடுகளுக்கு நடுவே, கழியில், சட்டையைத் தொங்கவிட்டேன். விறகையும் தாராளமாகத் தள்ளினேன்.

மறுநாள் காலை அது உலர்ந்திருந்தது. ஐயோ, எப்படி உலர்ந்திருந்தது! ஒரு கை முறுக்கிக்கொண்டு மேலே தூக்கி நின்றது. தோல் சுருங்கி, கருவாட்டைப்போல் விறைத்து, மடக்கினால் வெடித்தது. எண்ணெய் தடவினேன், வெடிப்புகளின் வழியே எண்ணெய் உள்ளே போயிற்று, மென்மை வரவில்லை. கையை வலிந்து மடித்து, வேட்டியில் சுற்றி, பெட்டியில் வைத்து, விறகை முன்பிருந்தபடியே அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது.

அண்ணி வேட்டியைப் பிரித்தார். சட்டையைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார், மறுபடி தொட்டார். பிறகு அதை முகத்தோடு வைத்து முகர்ந்தார். புகை நாற்றம்! அகப்பட்டேன் என்றே நினைத்தேன்.

"தம்பி... உங்கண்ணன் வாசம் அடிக்குது" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் வாழ்வில் எனக்கு வாய்த்திருக்காது... அந்த முகத்தைப் பார்த்தேன். வேட்டியை மடிக்கக் குனிந்தேன்.

அடுத்த கணம் அவர் கண்கள் கூர்மையாயின. "இது எப்புடி இப்புடி ஆச்சு? எங்கயாச்சும் தண்ணி பட்டுச்சா? நீ எடுத்தியா?"

"நீ எடுத்தியா" என்ற அந்தக் கேள்விதான் என்னை எழுப்பிவிட்டது. எதிர்ப்பக்கத்தார் முதல் தடையை எழுப்பிவிட்டார்! என்னுள் இருந்த பேச்சாளன் கச்சையை இறுக்கிக்கொண்டான்.

"அண்ணி, தண்ணி பட்டிருந்தா பூசணம்ல பூக்கணும்? எங்க பூத்திருக்கு? நல்லா யோசிங்க. முன்னாடி என்னா மாவு போட்டீங்க?"

"அரிசிமாவு."

"இப்ப?"

"மரவள்ளி மாவு. அது நீயும்தானே..."

"பங்களாவுல தொர சட்டைய விறைப்பா நிறுத்த எதுல கஞ்சி காச்சுவீங்க?"

அண்ணி சட்டையின் விறைத்த கையைத் தடவிப் பார்த்தார்.

"மரவள்ளி மாவுலதானே! போன தடவ அஞ்சலையக்கா வேர்வையோட குடுத்தாங்க. அந்த ஈரத்துமேல நீங்க மாவத் தூவுனீங்க. மாவு ரோமத்தோட அடியிலயே தங்கிப்போச்சு. ஈரமும் மாவும் சேந்தா என்னா அண்ணி? கஞ்சிதானே? கஞ்சி போட்ட துணி விறைக்குமா, வளையுமா?"

எவ்வளவு அழகான வாதம், பாருங்கள்! ஒரு சொல்லும் மிகையில்லை. அவருடைய தொழிலிலிருந்தே எடுத்து, அவருடைய கையாலேயே அவரைக் கட்டினேன். மன்றத்தில் இப்படி ஒரு வாதம் எனக்கு வாய்த்ததேயில்லை. சொல்லி முடித்ததும் எனக்குள் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. மறைக்க மாட்டேன். மகிழ்ச்சிதான்!

அண்ணி தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "கஞ்சி போட்டுட்டேனா... நானேவா?" என்றார்.

அன்று மாலையே லயம் முழுவதும் அவரே போய்ச் சொன்னார், தாம்தான் குளிர்ச்சட்டையைக் கெடுத்துவிட்டதாக. அஞ்சலையக்கா, "போனாப் போவுது விடுடி, ஆடு ஒரு தடவதான் சாவும்னு நெனச்சோம், ரெண்டாந்தடவையும் செத்துப்போச்சு" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அண்ணி சிரிக்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் என்னைத் தின்கிறது. உப்பைக் கண்ணளவில் போட்ட அந்தக் கை, பானையின்மேல் நின்றது. "தம்பி, இது போதுமா பாரு" என்றார். துணியை எடுப்பதா வேண்டாமா, கிழங்கு வெந்ததா இல்லையா, விறகு ஈரமா... எல்லாவற்றுக்கும் "தம்பி, இது சரியா?" என்றார். வக்கீலு என்று கேலி செய்வதும் நின்றுபோயிற்று. உண்மையாகவே என்னை வக்கீல் ஆக்கிவிட்டார்!

எனக்கு அது பிடித்திருந்தது. இதைத்தான் எவரிடமும் சொன்னதில்லை. எந்த அவையும் என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. நான் சொன்னால் சரி, அண்ணிக்கு. அந்த மதிப்பில் குளிர்காய்ந்தேன்... சட்டையைக் கெடுத்துவிட்டு!

அண்ணன் வந்தார். வேலைக்கு இனி உதவமாட்டார் என்று சயாமிலிருந்து திருப்பி அனுப்பிய நோயாளிகளோடு வந்து, இரயிலடியிலிருந்து யாரோ ஒருவரின் மாட்டுவண்டியில் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அப்போது நான் பீடோங்கில் இன்னொரு கூட்டத்தில் இருந்தேன். பொழுது சாயத் திரும்பியபோது வீட்டு வாசலில் அஞ்சலையக்கா என்னை வழிமறித்தார்.

"போயிப் பாரு உங்கண்ணிய! புருசன் வந்ததுலேர்ந்து வெடவெடன்னு நடுங்கிக் கெடக்கான். ஊருக்கே கஷாயம் காச்சுனவ, காச்சி வெச்சுக்கிட்டுக் குடுக்காம ஒக்காந்திருக்கா. கேட்டா, 'தம்பி வரட்டும், கேட்டுட்டுக் குடுக்கறேன்'ங்கிறா!"

உள்ளே ஓடினேன். அண்ணனா அது? எலும்பின்மேல் ஒரு புன்னகை. அவர்மேல் கோணிகள், கோணிகளின்மேல் அந்தச் சட்டை. அது அவர் மார்பின் குறுக்கே பொருந்தவில்லை. அவர் நடுங்கும்போதெல்லாம் காய்ந்த ஓலைபோல் படபடத்தது. அண்ணி கஷாயக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, குடுக்கலாமா? இதுவும் நான் கெடுத்துட்டேன்னா?"

எனக்குக் கஷாயத்தைப் பற்றி என்ன தெரியும்? எதிர்ப்பக்கத்தையும் ஆதரித்துப் பேசத் தெரியும், வேறென்ன தெரியும்? "குடுங்க, அண்ணி... குடுங்க!" என்று கத்தினேன். அவர் கொடுத்தார். ஒவ்வொரு மடக்கிற்கும், "சட்டைய நான்தாங்க கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். என் நல்வினை என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஏது நல்வினை? அவரை அணைத்துக் கிடந்த அண்ணியின் உடம்புச் சூடும், அந்தக் கஷாயத்தின் கசப்பும் அவரைக் காத்தன. ஆனால் அன்று பகல் முழுவதும் அவர் வீணே நடுங்கினார். அந்த நடுக்கம் என்னுடையது.

அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய ஒரு காலையில் நான் சொன்னேன். முன்னுரை இல்லாமல் சொன்னேன்.

"அண்ணி, சட்டையைக் கெடுத்தது நான்தான். எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனேன். மழையில நனைச்சேன். பொகைவீட்டுல காயப்போட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல."

அண்ணி என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்; ஏங்கினேன் என்றே சொல்லலாம். வந்தது கனிவு!

"எனக்காகச் சொல்றியா தம்பி? நான் மனசுல போட்டு வேகுறேன்னு நீ பழிய ஏத்துக்கிறியா?"

"இல்ல அண்ணி, நெசமாத்தான்..."

"நனஞ்சிருந்தா பூசணம்ல பூத்திருக்கணும்? எங்க பூத்துச்சு? நீதானே கேட்ட. மரவள்ளி மாவு கஞ்சியாப் போச்சு. வேர்வ ஈரம், மாவு, ரெண்டும் சேந்துச்சு. பங்களாவுல இத்தன வருசம் கஞ்சி போட்டவ நான். எனக்குத் தெரியாதா, விறைச்ச துணி எப்புடி இருக்கும்னு?"

என் சொற்கள்! ஒவ்வொன்றும் என் சொல்! நான் கட்டிய மதிலை நானே முட்டினேன்; ஒரு கல்லும் அசையவில்லை. "பொகை வாசம் அடிக்குதே, அண்ணி!" என்று கடைசிச் சான்றை எடுத்து வைத்தேன். "அது உங்கண்ணன் வாசம்" என்று அதையும் தட்டிவிட்டார். "நீங்களே சொல்லுங்க" என்று சட்டையை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் எத்தனை ஆண்டுகள் புகைவீட்டில் நின்றவர்! கழுத்துப்பட்டையை மூக்கருகே கொண்டுபோனார். தோளின் உள்பக்கத்தைத் திருப்பினார். மூங்கில் கழி அழுத்திய கோடு அங்கே தெளிவாக இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை ஓட்டினார். என்னைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் கண்ணை விலக்கவில்லை. சொல்லுங்கள் அண்ணே என்று மனத்திற்குள் மன்றாடினேன்.

அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினார். வந்த நாளிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், அண்ணி உப்புக்கும் நெருப்புக்கும் என்னைக் கேட்டு நிற்பதை?

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், பவுனு" என்றார்.

அண்ணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எத்தனையோ நாளுக்குப்பின், "நீ சொல்வது சரி" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்த முகம் விளக்கேற்றினாற்போல் மலர்ந்தது. அவர் தவறாகச் சொன்ன ஒன்றுக்காக... நான் பொய்யாகக் கற்பித்த ஒன்றுக்காக! "பாத்தியா வக்கீலு?" என்று சிரித்தார். அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

அந்தச் சிரிப்பைப் பிடுங்க என்னால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அது அன்பா, இன்னொரு கோழைத்தனமா? இரு பக்கமும் வாதாட எனக்குத் தெரியும்; அதனாலேயே எந்தப் பக்கத்தையும் என்னால் நம்ப முடியவில்லை.

அண்ணன் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அடுப்படியில் நிற்கும் என் தோளை மட்டும் எப்போதாவது ஒரு கணம் பிடிப்பார். மன்னித்த பிடியா, எச்சரித்த பிடியா, அறியேன். கேட்கவும் துணிவில்லை.

சட்டை இன்னும் இருக்கிறது. எவருக்கும் உதவாது. ஆனாலும் வெள்ளிதோறும் அண்ணி விறகை நகர்த்தி அதை எடுக்கிறார். இப்போது மாவு தூவுவதில்லை. வெறும் தூரிகையால், வெடிப்புகளில் படாமல், மெல்லச் சீவுகிறார். சீவி முடித்துவிட்டு, அதை ஏந்தியபடி வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார்.

"தம்பி, வெயில்ல போடவா, நெழல்ல போடவா?"

எனக்கு அதைச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

"நெழல்ல, அண்ணி" என்கிறேன்.